உள்ளேயா, சுற்றிலுமா? உளவியல் அறிமுகப் பாடத்துக்கு ஒரு கேள்வி

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வீதி திகன, தெல்தெனிய ஊர்களைக் கடந்து, விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கமாக ஏறி ஹுன்னஸ்கிரியவுக்கு வருகிறது. அங்கே ஒரு கிளைவீதி பிரிந்து லூல்வத்தை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள், மீமுறைப் பக்கம் போய்விடும். பிரதான வீதி கிழக்கே தொடர்ந்து, பதினெட்டு வளைவுகளில் சுழன்று இறங்கி, மகாவலிக் குடியேற்றங்களின் வயல்வெளியில் கொண்டுபோய் விடும். தேயிலையும் ஏலமும் விளையும் ஈர மலை முடிந்து நெல் விளையும் வறண்ட சமவெளி தொடங்குவதற்கு ஒரு சிறிய பஸ் பயணம் போதும். மேலே சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள். கீழே காணித்துண்டை நம்பி வாழும் சிங்களக் குடும்பங்கள். மொழியிலும் மதத்திலும் நிலவுரிமையிலும் வேறான இந்த இரு வாழ்க்கைகளையும் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒரே அரச முடிவுத் தொடர் தொட்டுச் சென்றது. பேராதனைக்கு அருகே கெட்டம்பேயில் இருக்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம், எந்த விவசாய மருந்து இந்நாட்டில் விற்கப்படலாம், எது கூடாது என்று தீர்மானித்து வந்தது. அந்தத் தீர்மானங்களின் விளைவை மனித மனத்தைப் பற்றிய பாடமாகப் படித்தால், உளவியல் அறிமுகப் பாடம் முழுவதையும் ஒரே சரட்டில் கோத்துவிடலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சரடு எதற்கு என்று முதலில் பார்க்க வேண்டும். உளவியல் அறிமுக நூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வரலாறும் ஆய்வு முறையும் முன்னே வரும். பிறகு மூளையும் நரம்பும், புலனுணர்வு, கற்றல், நினைவு, ஊக்கம், வளர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல், உளக்கோளாறு, சிகிச்சை என்று பதினான்கோ பதினாறோ அத்தியாயங்கள் வரிசையில் நிற்கும். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு வாரம். பாவ்லோவின் நாய் ஒரு வாரம், பியாஜேயின் குழந்தை இன்னொரு வாரம், பிராய்டின் நனவிலி மற்றொரு வாரம். நாய்க்கும் குழந்தைக்கும் நனவிலிக்கும் என்ன உறவு என்று எந்த வாரத்திலும் யாரும் கேட்பதில்லை. இலங்கையின் தமிழ்வழி வகுப்புகளில் இந்தச் சிதறல் இன்னும் கூடுதலாகத் தெரியும். கல்வியியற் கல்லூரிகளிலும் ஆசிரியர் பயிற்சியிலும் உளவியல் 'கல்வி உளவியல்' என்ற பெயரில் நுழைகிறது. கலைப்பீடங்களில் அது நெடுங்காலம் மெய்யியல் துறையின் பின்கட்டில் குடியிருந்தது. இரு வழியிலும் மாணவர் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அறிஞர் பெயர், கோட்பாட்டின் பெயர், நான்கைந்து அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல். கடந்தகால வினாத்தாள்களும் அதையே கேட்பதால் பட்டியலே பாடமாகிவிடுகிறது.

இதில் என்ன தவறு என்பதை உளவியலே ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறது. 1969இல் கோர்டன் பவரும் அவருடைய சகாக்களும் 112 சொற்களை இரு குழுவினருக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு அவை கிளைவிடும் மரம்போல, பெரிய வகைக்குள் சிறிய வகையாக அடுக்கிக் காட்டப்பட்டன. மற்றக் குழுவுக்கு அதே சொற்கள் அதே மர வடிவத்தில் தாறுமாறாகப் போடப்பட்டிருந்தன. முதல் சுற்றிலேயே அடுக்கிப் பார்த்தவர்கள் சராசரியாக 73 சொற்களை நினைவுகூர்ந்தார்கள்; மற்றவர்கள் 21 சொற்களை. மூன்றாம் சுற்றில் முதற்குழு 112ஐயும் சொல்லிவிட்டது; மற்றக் குழு நான்காம் சுற்றிலும் 70ஐத்தான் எட்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து ஜோன் பிரான்ஸ்போர்டும் மார்சியா ஜோன்சனும் செய்த ஆய்வு இதைவிடக் கூர்மையானது. துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பந்தியை, 'துணி' என்ற சொல்லே வராமல், பொதுப்படையான வார்த்தைகளில் எழுதி வாசித்துக் காட்டினார்கள். விடயம் இன்னதென்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ இருமடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடிந்த பிறகு அதே தகவலைப் பெற்றவர்களுக்கு அதனால் ஒரு பயனும் கிட்டவில்லை. பாடத்தை ஒன்றாக்கும் எண்ணத்தைக் கடைசி வாரத்துக்கு 'மீள்பார்வை' என்று ஒதுக்கி வைப்பதால் என்ன இழப்பு என்பதை இந்த இரண்டாவது முடிவு சொல்கிறது. முதல் நாள் கையில் இல்லாத சரடு இறுதி நாளில் வந்து எதையும் கோப்பதில்லை.

இதுவரை சொன்னதை ஒப்புக்கொள்பவர்களும் அடுத்த படியில் வழுக்கி விழுகிறார்கள். மாணவருக்குப் பழக்கமான ஒரு பொருளைக் கருப்பொருளாக எடுத்துவிட்டால் போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மலையக வகுப்பென்றால் தேயிலைத் தோட்டம், யாழ்ப்பாணமென்றால் போரும் இடப்பெயர்வும், கொழும்பென்றால் கைத்தொலைபேசி. எல்லா அத்தியாயத்திலும் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் உதாரணம் தூவிவிட்டால் பாடம் உள்ளூர் ஆகிவிடும் என்ற நம்பிக்கை இது. நல்ல எண்ணம்தான், ஆனால் சான்றுகள் எதிர்த் திசையில் இருக்கின்றன. மிஷெலின் சீயும் அவரோடு சேர்ந்தவர்களும் 1981இல் பௌதிகவியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதிதாகப் படித்தவர்கள் சாய்தளம் உள்ள கணக்குகளை ஒரு பக்கமும் சுருள்வில் உள்ளவற்றை இன்னொரு பக்கமும் அடுக்கினார்கள். தேர்ந்தவர்கள் எந்த விதியால் தீர்க்கப்படும் என்பதை வைத்துப் பிரித்தார்கள்; சாய்தளமும் சுருள்வில்லும் சக்திக் காப்பு விதியின் கீழ் ஒன்றாக வந்தன. 'தேயிலைத் தோட்டம்' என்ற கருப்பொருள் மாணவரைச் சாய்தளத்தோடு நிறுத்திவிடக்கூடியது. ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998இல் மின்னல் உருவாகும் விதம் பற்றிய பாடத்தில் சுவையான, ஆனால் விளக்கத்துக்கு வேண்டாத துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாசித்தவர்கள் துணுக்கை நினைவில் வைத்துக்கொண்டு விளக்கத்தை மறந்தார்கள். துணுக்கு தொடக்கத்திலேயே வந்தபோது சேதம் கூடியது. விரிவுரையைக் கதையோடு தொடங்கும் நம் வழக்கத்தை எண்ணினால் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஓர் ஆண்டுப் பாடத்தைத் தாங்கக்கூடிய கருப்பொருள் கேள்வியாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒவ்வோர் அத்தியாயமும் வேறு விடை தர வேண்டும்; சில அத்தியாயங்கள் மற்றவற்றை மறுக்க வேண்டும். அமெரிக்க உளவியற் சங்கம் அறிமுகப் பாடத்தைச் சீரமைக்க எடுத்த முயற்சியில் ஏழு ஒருங்கிணைப்புக் கருத்துகள் முன்வைக்கப்பட்டன. உளவியல் சான்றுகளை நம்பியிருக்கிறது, பொது விதியோடு தனிமனித வேறுபாடும் உண்டு, உயிரியல், சமூக, பண்பாட்டுக் காரணிகள் சேர்ந்தே நடத்தையை ஆக்குகின்றன என்று அவை போகும். ஒன்றும் பிழையில்லை. ஆனால் ஏழும் முடிந்துபோன கூற்றுகள்; அவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள், அதனாலேயே அவற்றைக் கொண்டு யாரும் எதையும் தேடவும் மாட்டார்கள். இங்கே முன்வைக்கப்படும் கேள்வி எளியது: ஒருவர் ஒரு செயலைச் செய்யும்போது, அதன் காரணத்தை அவருக்குள்ளே எவ்வளவு தேட வேண்டும், அவரைச் சுற்றி எவ்வளவு தேட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இலங்கை தரும் விடைதான் கெட்டம்பேயின் கதை. 1950க்கும் 1995க்கும் இடையில் இலங்கையின் தற்கொலை வீதம் எட்டு மடங்காகி, 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது; அது உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. காரணம் தேடியவர்கள் உள்ளே பார்த்தார்கள்: போரின் மன அழுத்தம், வேலையின்மை, மதுப்பழக்கம், குடும்பச் சிதைவு, விரக்தியடைந்த இளைஞர் மனம். இதற்கிடையே 1984இல் இரண்டு கொடிய பூச்சிமருந்துகளும், 1995இல் உலகச் சுகாதார நிறுவனம் மிக ஆபத்தானவை என்று வகுத்த எஞ்சிய மருந்துகளும், 1998இல் எண்டோசல்பானும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டன. 2005 ஆனபோது வீதம் பாதியாகியிருந்தது. டேவிட் கனல், மைக்கல் எடில்ஸ்டன் ஆகியோரும் இலங்கை ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டோடு ஒப்பிட 19,769 தற்கொலை மரணங்கள் குறைந்திருந்தன. வேலையின்மையோ மதுவோ விவாகரத்தோ போரோ அந்தச் சரிவோடு பொருந்தி வரவில்லை. போர் அப்போது முடிந்திருக்கவும் இல்லை. அடுத்த சுற்றில் டைமெத்தோயேட், பென்தியோன், தேயிலைத் தோட்டங்களில் களை அழிக்கப் பரவலாகத் தெளிக்கப்பட்ட பரகுவாட் ஆகிய மூன்றும் 2008 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2011இல் 18.3ஆக இருந்த வீதம் 2015இல் 14.3 ஆயிற்று. இப்போதுதான் பதினெட்டு வளைவின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே கதைக்குள் வருகின்றன: கீழே வயலுக்கான பூச்சிமருந்து, மேலே தேயிலைக்கான களைகொல்லி.

வகுப்பறைக்கு இந்தக் கதை தரும் உண்மையான பரிசு அதன் சிக்கல்தான். மரணம் குறைந்ததே தவிர, தமக்குத் தாமே நஞ்சூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை அதேபோலக் குறையவில்லை. துயரம் அப்படியே இருந்தது. அதன் முடிவு மாறியது. உயிர் பிழைத்தவர்களிடம் எடில்ஸ்டன் குழு கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் எண்ணம் வந்து அரை மணித்தியாலத்துக்குள் செயலில் இறங்கியிருந்தார்கள். கைக்கு எட்டியது எதுவோ அதுவே எடுக்கப்பட்டது. எது அதிகம் ஆபத்தானது என்ற தெரிவு அதிகம் நடக்கவில்லை. இப்போது மாணவர் முன்னால் ஒன்றல்ல, பல கேள்விகள் நிற்கின்றன. அந்த அரை மணித்தியாலத்தில் மூளையில் என்ன நடக்கிறது? இது நரம்பியல், உணர்ச்சி அத்தியாயங்களின் கேள்வி. கோபமும் அவமானமும் ஏன் எதிர்காலத்தைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன? இது தீர்மானித்தல் அத்தியாயம். உற்ற உறவோடு சண்டையிட்ட பிறகு செய்யப்படும் செயல் யாரை நோக்கிய செய்தி? இது சமூக உளவியல். மனச்சோர்வு நோய் இங்கே எவ்வளவு பங்கு வகிக்கிறது, அல்லது வகிக்கவில்லை? இது உளக்கோளாறு அத்தியாயம். பேராதனையில் சமூகவியல் கற்பித்துப் பின்னர் பிரின்ஸ்டனுக்குச் சென்ற கணநாத் ஒபயசேகர, 1985இல் எழுதிய கட்டுரையில் இதற்கு இன்னொரு பக்கத்தைத் திறந்தார்: மேலைநாட்டு வைத்தியர் மனச்சோர்வு என்று குறிக்கும் அறிகுறிகளோடு வாழும் ஒரு பௌத்தர், அவற்றை வாழ்வின் இயல்பு பற்றிய மெய்யறிவாகக் கொள்ளும்போது அது நோய்தானா? கடைசியாக ஆய்வு முறை. யாரும் சீட்டுக்குலுக்கிப் பிரிக்காத ஒரு நாட்டில், மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்ததால்தான் மரணம் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? புள்ளிவிவர அத்தியாயத்தைக் கண்டு ஓடும் மாணவர் இந்த இடத்தில் நிற்பார், ஏனென்றால் விடை அவருக்கு வேண்டியிருக்கிறது.

ஒரே உதாரணம் ஆபத்தானதும்கூட. மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் எண்பதுகளின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள் இதற்குச் சாட்சி. பல வழிகளில் படையைப் பிரித்து அனுப்பிக் கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையைப் படித்த மாணவர்களிடம், பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்தித் தீர்க்க வேண்டிய புற்றுக்கட்டிச் சிக்கலைக் கொடுத்தார்கள். யாரும் சுட்டிக்காட்டாதவரை பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை தோன்றவில்லை. இரண்டு கதைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்களுக்கே பொதுவான வடிவம் பிடிபட்டது. ஆகவே இலங்கைக் கதையோடு அதே வாரம் இங்கிலாந்தின் கதையையும் படிக்க வேண்டும். 1963இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,714 தற்கொலைகள், 1975இல் 3,693. இடையில் நடந்தது, சமையலறைக்கு வந்த நிலக்கரி வாயுவின் நச்சு குறைந்து, பிறகு கடலடி இயற்கை வாயு அதன் இடத்தைப் பிடித்தது. அதே காலத்தில் ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றில் வீதம் ஏறிக்கொண்டிருந்தது. லண்டன் அடுப்பையும் மகாவலி வயலையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த மாணவர், சாய்தளத்தைத் தாண்டிவிட்டார்.

மற்ற அத்தியாயங்களிலும் இதே கேள்வி உயிரோடு இருக்குமா என்பதுதான் அடுத்த சோதனை. இருக்கிறது, சில இடங்களில் தானாகவே வந்து நிற்கிறது. கற்றல் அத்தியாயத்தில் ஸ்கின்னரின் வெகுமதி அட்டவணைகளைப் படிப்பவர், தோட்டத்தில் குறித்த கிலோவைப் பறித்தால் முழுப் 'பேர்' (முழுநாட் சம்பளம்), குறைந்தால் 'அரைப்பேர்' என்ற கணக்கைப் பார்க்கலாம். கொழுந்து குறைந்த மாதத்தில் மலையேறியும் அரைப்பேரோடு இறங்கும் பெண்ணைக் கங்காணி சோம்பேறி என்று சொல்லும்போது, அவர் ஒரு காரணத்தை உள்ளே வைக்கிறார். கொழுந்து வளர்ந்ததா என்பது வெளியே இருக்கிறது. வளர்ச்சி அத்தியாயத்தில், 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். பிள்ளைக் காம்பரா என்ற தோட்டக் காப்பகத்தில் விடப்படும் இந்தக் குழந்தையின் உடலும் கவனமும் பேச்சும் நுண்ணறிவுச் சோதனையில் குறைந்து வந்தால், சோதனை அளந்தது யாரை? சமூக உளவியலுக்கு ஹுன்னஸ்கிரியவுக்குச் சற்றுக் கீழேயே போதுமானது இருக்கிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வதந்தியும் வெறுப்பும் பரவியதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் வருத்தம் தெரிவித்தது. கல் எறிந்தவரின் இயல்பையும் அவர் கையிலிருந்த தொலைபேசியையும் எந்த விகிதத்தில் கணக்கிடுவது என்பதை மாணவர் வாதாடித் தீர்க்கட்டும்.

சுயகட்டுப்பாடு பற்றிய பாடத்தில் சற்றுத் தங்குவது நல்லது, ஏனென்றால் அங்கே உளவியலே தன் மனத்தை மாற்றிக்கொண்டது. வோல்டர் மிஷெல் ஸ்டான்போர்டில் சிறுவர் முன்னால் ஓர் இனிப்பை வைத்து, காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார். காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் பரீட்சையிலும் வாழ்விலும் முன்னேறியதாகத் தெரிந்தபோது, சுயகட்டுப்பாடு பிள்ளைக்குள் இருக்கும் செல்வம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. நம் பெற்றோர் கூட்டங்களிலும் அது வந்து சேர்ந்துவிட்டது. 2013இல் செலஸ்ட் கிட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 28 சிறுவரை எடுத்தார்கள். பாதிப்பேருக்கு நல்ல வர்ணப் பென்சில்கள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். மற்றவர்களுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். பிறகு இனிப்புச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். 2018இல் டைலர் வொட்ஸ் குழு 900க்கு மேற்பட்ட சிறுவரின் தரவை எடுத்து, குடும்பப் பின்னணியையும் பிற ஆரம்பத் திறன்களையும் கணக்கில் சேர்த்தபோது, பழைய தொடர்பு வெகுவாகச் சுருங்கிப்போனது. வீட்டுக் காணி, வீடு, சம்பள உயர்வு என்று தலைமுறை தலைமுறையாக வாக்குறுதி கேட்டு வளர்ந்த லயன் அறைப் பிள்ளைக்கு, கையில் வந்ததை உடனே எடுத்துக்கொள்வது பலவீனமா கணக்கா என்ற கேள்வியை இதைப் படித்தபின் யாரும் அலட்சியமாகக் கேட்க முடியாது.

இங்கே முதல் மறுப்பு எழும், எழவும் வேண்டும். இது கேள்வியாகத் தோன்றினாலும் விடையை ஒளித்து வைத்திருக்கிறது; எல்லாவற்றுக்கும் சூழலே காரணம் என்று மாணவரை இழுத்துச் செல்கிறது என்பது அந்த மறுப்பு. தேர்ந்தெடுத்த உதாரணங்களை மட்டும் பார்த்தால் இதில் உண்மை உண்டு. ஆனால் பாடம் ஒழுங்காக வகுக்கப்பட்டால் கேள்வி இரு பக்கமும் வெட்டும். அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களில், 50,000க்கு மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் ஒவ்வொரு விவசாய வீட்டுக்கும் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவு: இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. சூழலை மாற்றினால் போதும் என்றால் இந்தப் பெட்டியும் வேலை செய்திருக்க வேண்டும். திறப்பு வீட்டுக்காரர் கையில்தானே இருக்கிறது என்று மாணவர் சொல்வார்; அப்படியானால் கடையிலிருந்து எடுப்பதற்கும் வீட்டில் பூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு என்ன, அதில் மனித மனத்தைப் பற்றி என்ன தெரிகிறது என்று ஆசிரியர் தொடரலாம். மறுபுறம் பரம்பரை அத்தியாயம் இருக்கிறது. 2015இல் வெளியான தொகுப்பாய்வு, ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மனித இயல்புகளின் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது என்ற சராசரிக்கு வந்தது. கொழும்பில் அதுல சுமதிபாலவும் மற்றவர்களும் நடத்திய இரட்டையர் ஆய்வு உள்ளூர்த் தரவையும் தருகிறது. ஸ்டான்லி மில்கிராமின் புகழ்பெற்ற பரிசோதனையில் 65 சதவீதம் பேர் கடைசிவரை கீழ்ப்படிந்தார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள்; எழுந்து நின்று மறுத்த 35 சதவீதம் பேருக்கும் சூழல் ஒன்றே. அந்த 35ஐ விளக்காமல் வகுப்பை முடிக்கும் ஆசிரியரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பண்பாடு சார்ந்தது, எனக்கு அதுவே கனமாகப் படுகிறது. காரணத்தைத் தனிமனிதருக்குள் வைப்பது அமெரிக்கர் வழக்கம். நம்மவர் ஏற்கெனவே சூழலைப் பார்ப்பவர்கள். இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு? ஜோன் மில்லர் 1984இல் சிகாகோவிலும் மைசூரிலும் செய்த ஆய்வு இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. ஒரு தவறான செயலை விளக்கச் சொன்னபோது அமெரிக்கப் பெரியவர்கள் செய்தவரின் குணத்தைச் சொன்னார்கள். மைசூர் இந்துக்கள் நிலைமையையும் உறவுகளையும் சொன்னார்கள். இரு நாட்டுச் சிறு பிள்ளைகளிடமும் இந்த வேறுபாடு இல்லை; வயதோடு அது கற்றுக்கொள்ளப்பட்டது. இதை ஏற்றுக்கொண்டபிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: யாருக்காகச் சூழலைப் பார்க்கிறோம்? சொந்த மகன் பரீட்சையில் தவறினால் ஆசிரியரும் கிரகநிலையும் காரணமாவது நாம் அறிந்ததே. தோட்டத்துப் பிள்ளை தவறினால், படிக்க ஆசையில்லாத சனம் என்பதும், தகப்பன் குடிகாரன் என்பதும் அதே வாயிலிருந்து வருகின்றன. சூழல் விளக்கம் நம்மிடம் தாராளமாக உண்டு, ஆனால் அது உறவுக்குள் பங்கிடப்படுகிறது. சாதி, தோட்டம், மொழி ஆகிய எல்லைகளில் நின்றுவிடுகிறது. மில்லரின் ஆய்வை இந்த உள்ளூர் அனுபவத்தோடு மோதவிட்டால், மாணவர் சிகாகோவின் முடிவை விழுங்குவதற்குப் பதிலாக அதைத் திருத்தும் இடத்துக்கு வருவார். ஜோசப் ஹென்ரிக்கும் வேறு இருவரும் 2010இல் சுட்டிக்காட்டியதுபோல, உளவியலின் 'மனிதர்' பெரும்பாலும் மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்தான் என்றால், கண்டி மலையில் அந்தத் திருத்தம் செய்ய வேண்டிய வேலையே.

மூன்றாவது மறுப்பைப் பணிவோடு கேட்க வேண்டும். இருபது வயதுள்ள மாணவர் நிறைந்த வகுப்பில், அவர்களில் சிலருடைய வீட்டிலேயே இந்த இழப்பு நடந்திருக்கக்கூடிய ஊரில், தற்கொலையைப் பாடத்தின் நடுத்தூணாக வைக்கலாமா? பேசுவதே எண்ணத்தைத் தூண்டும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 2005இல் நியூயோர்க் மாநிலத்தில் 2,342 பாடசாலை மாணவரிடம் நடத்திய ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மனவேதனை கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களுக்குச் சற்று ஆறுதலே கிடைத்தது. எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் ஆபத்து. முறையை விவரிப்பது, ஒருவருடைய மரணத்தைக் கதையாக்குவது, அதை விடுதலையாகக் காட்டுவது ஆகிய மூன்றும் வகுப்பறையில் இடம்பெறக் கூடாதவை. மேலே சொன்ன பாடம் எண்களிலும் கொள்கைகளிலும் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியிலும் நிற்கிறது. சற்று நேரம் கடந்தால் பலருக்கு அந்த அலை இறங்கிவிடுகிறது என்பதே அதன் மையச் செய்தி. இதை ஒரு மாணவர் தன் பதினெட்டாவது வயதில் அறிந்திருப்பது பாதுகாப்பு. வகுப்பு தொடங்குமுன் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐயும், 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவின் தொடர்பையும் கரும்பலகையில் எழுதுவதும், விரும்பாதவர் அந்த வாரம் இங்கிலாந்தின் கதையை மட்டும் எடுத்து எழுதலாம் என்று அனுமதிப்பதும் பாடத்திட்டத்தில் அச்சிடப்பட வேண்டியவை. ஆசிரியரின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது.

எஞ்சியிருப்பது நேரமும் பரீட்சையும். ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாடவிதானத்தில் பாதி விட்டுப்போகும் என்பார்கள். சில விட்டுப்போகும்தான். புலனுணர்வு வாசல்களின் கணிதமும் காதின் உட்கூறுகளும் இந்தக் கேள்விக்குள் வலிந்து நுழைய மறுக்கும். அவற்றை வலிந்து நுழைப்பதைவிட, இது சரட்டுக்கு வெளியே நிற்கிறது என்று சொல்லியே கற்பிப்பது நேர்மை. ஆனால் தடை உண்மையில் பரீட்சைத் தாளில் இருக்கிறது. 'கற்றல் கோட்பாடுகளை விளக்குக' என்று கேட்கும்வரை எந்தக் கருப்பொருளும் மாணவருக்கு இடைஞ்சலே. பட்டியலை மனப்பாடம் செய்தவரே வெல்வார், அவர் செய்வது நியாயமும்கூட. மாற்றம் கற்பித்தலில் தொடங்க முடியாது, வினாவில்தான் தொடங்க முடியும். எடுத்துக்காட்டாக இப்படி ஒரு வினா: ஒரு மாகாணத்தில் களைகொல்லி ஒன்று தடைசெய்யப்பட்ட அடுத்த ஆண்டு நச்சு மரணங்கள் குறைந்தன, அதே ஆண்டு அங்கே ஒரு புதிய ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது, தேயிலை விலையும் ஏறியது. தடையே காரணம் என்று சொல்ல உமக்கு இன்னும் என்னென்ன தரவு வேண்டும்? அவை கிடைத்து, தடையே காரணம் என்று உறுதியானால், பாதிக்கப்பட்டவர்களின் மனநிலை பற்றி அதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது? இதற்கு விடை எழுத ஆய்வு முறை, தீர்மானித்தல், உளக்கோளாறு, சமூக உளவியல் ஆகிய நான்கு அத்தியாயங்களும் வேண்டும். இத்தகைய விடைத்தாளைத் திருத்துவதற்குப் புள்ளித்திட்டத்தைப் பார்த்துச் சரி போடுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். நூற்றுக்கணக்கான தாள்களை இரண்டு வாரத்தில் திருத்தித் தர வேண்டிய விரிவுரையாளருக்கு அந்த நேரத்தை யார் கொடுப்பது என்பது உளவியல் துறையால் தனியே தீர்க்க முடியாத நிர்வாகக் கேள்வி. அதையும் உள்ளே, சுற்றிலும் என்று பிரித்துப் பார்க்கலாம். பழைய வினாத்தாளையே திரும்பத் திரும்பக் கொடுக்கும் விரிவுரையாளரைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அவருடைய மேசையில் உள்ள கட்டுகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.